வாய்விட்டுக் கேட்ட கதை

1

போன வாரம் மகளின் பாலர் பள்ளியில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று ஆசிரியை ஒலிவாங்கியை நீட்டினார். டாக்டர், போலீஸ், மறுபடியும் டாக்டர். யாழினியின் முறை வந்தது. அவள் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறை.

"எனக்கு லோரி ஓட்டணும். பெரிய லோரி. மேல பெட்டி வெச்ச லோரி."

எல்லாரும் சிரித்தார்கள். ஏன் லோரி என்று ஆசிரியை மலாயில் கேட்க, இவள் தமிழும் மலாயும் கலந்து, அப்பா பெட்டிக்கு வைத்தியம் பார்க்கிறார், நான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பேன் என்று விளக்கம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜோதி என் காதோரம், "பொய்க்காச்சும் டாக்டர்னு சொல்லியிருக்கலாம், உங்க பொண்ணு" என்றாள். பெருமையான நேரங்களில் 'நம்ம பொண்ணு', மானம் போகும் நேரங்களில் 'உங்க பொண்ணு'. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

லாரிக்கு இங்கே லோரி என்று பெயர். அது எனக்குச் சங்கடமாக இல்லை. நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்வதற்கு முன்னால் அவள் எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இது வேணும் என்று ஒரு சபைக்கு நடுவில் சொல்ல அவளுக்கு யாருடைய கண்ணசைவும் தேவைப்படவில்லை.

அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கடலைத் தாண்டி வர வேண்டியிருந்தது. அதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

2

எங்கள் வீட்டுப் பழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். விருந்தாளியாக யார் வீட்டுக்குக் கிளம்பினாலும் வாசலிலேயே அம்மா நிறுத்திச் சொல்லிவிடுவார்: "எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லணும். ரொம்ப வற்புறுத்தினா வாங்கிக்க." தட்டில் முறுக்கு இருக்கும், நாக்கில் எச்சில் ஊறும், வாய் மட்டும் "வேணாங்க, இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று சொல்லும். வேணும் என்று சொல்கிற பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

அப்பா திண்டுக்கல் பக்கம் காய்கறி மண்டியில் மூட்டை ஏற்றுபவர். பள்ளிக்கூடத்துக்குள் மழைக்கு ஒதுங்கியதுகூட இல்லை என்று அவரே சிரித்தபடி சொல்வார். எங்கள் குடும்பத்தில் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்த முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் குளிர்சாதனப் பிரிவு படித்தேன். அதையும் நான் கேட்டுச் சேரவில்லை. அந்தப் பிரிவில் இடம் காலியாக இருந்தது, சேர்த்துவிட்டார்கள். படித்து முடித்ததும் கிள்ளான் துறைமுகத்துக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான், வந்தேன். வாழ்க்கை என்னை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. நானும் நல்ல மூட்டையாக இருந்தேன்.

வேலை இதுதான். கப்பலில் போகும் இரும்புப் பெட்டிகளில் குளிர்ப்பெட்டி என்று ஒரு வகை உண்டு. ஒரு முனையில் குளிரூட்டும் இயந்திரம் இருக்கும். மீன், பழம், காய்கறி எல்லாம் அதில்தான் பயணம் செய்யும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பெட்டிகள் எங்கள் கிடங்குக்கு வரும். உள்ளே போய்ப் பார்த்து, கழுவி, இயந்திரத்தை ஓடவிட்டு, குளிர் சரியாக இறங்குகிறதா என்று சோதித்து, அடுத்த பயணத்துக்கு அனுப்ப வேண்டும். கெட்டுப்போனால் பழுது பார்க்க வேண்டும். அதைத்தான் யாழினி வைத்தியம் என்கிறாள்.

வந்த புதிதில் எனக்கு இருந்த பெரிய குழப்பம் 'பாஸ்'. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர் என்னைப் பார்த்து, "பாஸ், மீனம் அப்பா?" என்றார். மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன'; என்ன குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் பின்னால் திரும்பி, முதலாளி யாராவது நிற்கிறாரா என்று பார்த்தேன். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் பாஸ் என்று தெரிய ஒரு மாதம் ஆனது.

இன்னொரு வேடிக்கை, என் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் வேலுச்சாமி இருந்ததால், கிடங்கில் முதல் நாளே நான் 'மிஸ்டர் வேலு' ஆகிவிட்டேன். செந்தில் என்று சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் ஏறவில்லை. தொலைபேசியில் இதை அப்பாவிடம் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "மிஸ்டர் போட்டா கூப்பிடறாங்க?" என்று கேட்டார்.

3

எங்கள் கிடங்கில் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசுவார்கள். பேசுகிறவர் ஷாமளா. எங்கள் செயல்பாட்டு மேலாளர், இங்கேயே ஜெஞ்சாரோமில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எல்லாருக்கும் அவர் 'மிஸ்'. வேகமாகப் பேசுவார், வேகமாக நடப்பார், யார் பேச்சையும் பாதியில் வெட்டுவார்.

முதல் தடவை நான் உள்ளே போனபோது குளிர்ப்பெட்டிக்குள் போவதுபோலவே இருந்தது. வேலையைப் பற்றி நல்லதாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "அடுத்த வருஷம் நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படறீங்க, வேலு?"

எனக்குப் பதில் தெரியும். காலைப் பிரிவுக்குக் குழுத் தலைவர் ஒருவரைப் போடப் போகிறார்கள் என்று கிடங்கு முழுக்கப் பேச்சு. அந்தப் பொறுப்பு கிடைத்தால் என் வேலை அனுமதி ஒரு படி ஏறும். ஏறினால்தான் மனைவியையும் பிள்ளையையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்ள முடியும். அப்போது யாழினி திண்டுக்கல்லில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் குப்புற விழுந்ததை, உட்கார்ந்ததை, முதல் பல்லை எல்லாம் நான் போன் திரையில்தான் பார்த்தேன்.

இவ்வளவும் நெஞ்சில் இருக்க, நான் சொன்னது: "நீங்க பாத்து செய்யுங்க, மிஸ்."

அதை நான் எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் என்று உங்களுக்குப் புரியும். நம் ஊரில் அதற்கு என்ன பொருள்? எனக்கு இது ரொம்ப வேண்டும், என் வாயால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, என் வேலையைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், நீங்கள் பெரியவர்கள், தருவீர்கள் என்று நம்புகிறேன். ஷாமளா மிஸ் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பொறுப்பு அஸ்லானுக்குப் போனது. எனக்குப் பின்னால் சேர்ந்தவன், பந்திங் ஊர்க்காரன், மலாய்க்காரன், என் நண்பன். அவன்மேல் கோபம் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஜோதியிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். என் வேலையை ஒருநாள் அவர்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னேன். அவள் பளிச்சென்று சொன்னாள்: "உங்கப்பாவும் மண்டியில அப்படித்தான் நின்னுக்கிட்டு இருக்காரு. இன்னும் யாரும் பார்க்கலை."

4

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கடையில் அஸ்லான் எதிரில் உட்கார்ந்தான். அவன் பேசுவது மலாயும் ஆங்கிலமும். தமிழில் அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை மச்சா. நான் ஏன் உம்மென்று இருக்கிறேன் என்று கேட்டான். மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது என்று சொன்னேன்.

அவன் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். "மச்சா, நீ மிஸ்ஸிடம் கேட்டாயா?"

"கேட்கவில்லை. பார்த்துச் செய்யச் சொன்னேன்."

"பார்த்துச் செய்ய அவர் என்ன போமோவா?" போமோ என்றால் இங்கே மந்திரவாதி.

அவன் கேட்டானாம். கதவைத் திறந்ததும், உட்காருவதற்கு முன்பே, எனக்குக் குழுத் தலைவர் பொறுப்பு வேண்டும் என்றானாம். அவன் அதைச் சொன்ன விதத்தில் திமிர் இல்லை, வெட்கமும் இல்லை. கடையில் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், கேட்பதுபோல இருந்தது. பிறகு அவனே சொன்னான்: அவனுக்கு அடுத்த வருடம் ஊர்ப்பக்கம் திறக்கப் போகும் புதுக் கிடங்குக்கு மாறும் எண்ணம் இருக்கிறது. மாறினால் இந்த இடம் காலியாகும். "அப்போதாவது வாயைத் திற, மச்சா. இப்போதிருந்தே பழகு."

பழகினேன், சிரிக்காதீர்கள். வீட்டில் கண்ணாடிமுன் நின்று சொன்னால் அறைத் தோழர்கள் கிண்டல் செய்வார்கள். காலிப் பெட்டிதான் எனக்கு வாய்த்த இடம். ஒருநாள் காலை, கழுவாத பெட்டி ஒன்றுக்குள் கைவிளக்கோடு நுழைந்தேன். நுழைந்ததுமே வாசம் முகத்தில் அடித்தது, சின்ன வெங்காயம். தரையின் பள்ளங்களில் செம்பழுப்பாகத் தோல் சருகுகள் கிடந்தன. எங்கள் பக்கத்து வெங்காயம் இங்கே வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், மூக்கால் அறிந்தது அன்றுதான். அப்பாவின் சட்டை வாசம் அது.

அந்தத் தைரியத்தில், கடைசிவரை நடந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்று, சத்தமாகவே சொன்னேன்: "எனக்குக் குழுத் தலைவர் பொறுப்பு வேணும், மிஸ்."

பெட்டி அதைத் திருப்பிச் சொன்னது. நன்றாக இருந்தது. இன்னும் சத்தமாக ஆங்கிலத்திலும் சொன்னேன். அப்போது வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது: "போலே!"

போலே என்றால் இங்கே 'ஆகட்டும், முடியும்' என்று எல்லாவற்றுக்கும் பொருள். யாராவது பெட்டிக்குள் போனால் இன்னொருவர் கட்டாயம் வாசலில் நிற்க வேண்டும் என்பது எங்கள் கிடங்கு விதி, கதவு மூடிக்கொள்ளக் கூடாதில்லையா. அன்றைக்கு வாசலில் நின்றது அஸ்லான். அந்த விதியை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். ஒரு வாரம் கிடங்கில் யாரைப் பார்த்தாலும் எனக்கு 'போலே' சொன்னார்கள். காவலாளிகூடச் சொன்னார்.

5

அடுத்த வருடச் சந்திப்பு வந்தது. உட்கார்ந்துதான் சொன்னேன். ஆனால் அவர் கேட்பதற்குமுன் சொன்னேன். காலைப் பிரிவின் குழுத் தலைவர் பொறுப்பு எனக்கு வேண்டும், ஏன் என்னால் முடியும், என் குடும்பம் எங்கே இருக்கிறது, எல்லாமே.

ஷாமளா மிஸ் பேனாவை மூடி வைத்தார். "இத போன வருஷம் ஏன் சொல்லல?"

"பாத்து செய்யுங்கன்னு சொன்னேனே, மிஸ்."

"பாத்தேன் லா. நல்லா வேலை செய்யறீங்க, சிரிச்சிக்கிட்டே இருக்கீங்க, ஒண்ணும் கேக்கல. இங்கேயே நிம்மதியா இருக்கீங்கன்னு நெனச்சேன்." நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எங்கப்பாவும் இந்த 'பாத்து செய்யுங்க'தான் சொல்வாரு. நான்தான் கவனிச்சிருக்கணும்" என்றார். பிறகு பழையபடி வேகம் பிடித்தார். "சரி. என்ன வேணும்னு சொல்லிட்டீங்க. எப்போன்னு சொல்லுங்க."

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஆசைக்குத் தேதி வைப்பது என்பது எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு மட்டும்தான். தடுமாறி, "பாப்பா பள்ளிக்கூடம் சேர்றதுக்குள்ள" என்றேன். அதைக் கேலி செய்யாமல் அவர் நாள்காட்டியைத் திருப்பினார். பிள்ளை எப்போது சேர வேண்டும், அதற்கு முன் அனுமதி வர எத்தனை நாள் இழுக்கும், அதற்கு முன் நான் எந்தப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டே வந்து, ஒரு மாதத்தில் விரலை வைத்தார். "அப்போ இங்கேருந்து ஆரம்பிக்கணும். அதாவது அடுத்த மாசம்." ஏதோ மலை என்று நினைத்திருந்தது, படிக்கட்டாக மாறி எதிரில் நின்றது.

படிகள் சுலபமாக இருக்கவில்லை. ஷா ஆலமில் நடந்த பயிற்சி முழுக்க ஆங்கிலம். பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்வதில் எனக்குச் சிக்கல் வரவில்லை. சரி செய்ததை நான்கு பேர் முன் விளக்கிச் சொல் என்றார்கள், அங்கே வாய் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை தேறவில்லை. அதற்குப் பிறகு அஸ்லான் தினமும் மதியச் சாப்பாட்டில் எனக்கு மாணவன் ஆனான். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, வேண்டுமென்றே முட்டாள்தனமாகக் கேள்வி கேட்பான். பெட்டிக்குள் காற்று ஏன் கீழிருந்து மேலே போகிறது, மேலிருந்து வந்தால் மீன் கோபித்துக்கொள்ளுமா என்பான். சிரித்துச் சிரித்தே எனக்கு ஆங்கிலம் பழகியது. இரண்டாம் தடவை தேறினேன். இப்படி ஒரு நண்பனைக் கொடுத்த மண்ணுக்கு நான் என்ன திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று அடிக்கடி நினைப்பேன்.

அவன் புதுக் கிடங்குக்குப் போன பிறகு என்னைத் தற்காலிகமாக அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் பழைய வியாதி தலைகாட்டியது. யாரிடமும் இதைச் செய் என்று சொல்லக் கூச்சப்பட்டு, எல்லார் வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். ஷாமளா மிஸ் ஒருநாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "வேலு, ஒரு ஆளுக்கு நீங்க தலைவர் ஆகிட்டீங்க. உங்களுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மற்றவர்களிடமும் கேட்கப் பழகினேன்.

6

பொறுப்பு உறுதியானது. பிறகு காகிதங்களின் காலம். நாங்கள் மூவரும் ஒரே குடும்பம் என்று நிரூபிப்பதில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. என் குடும்பப் பெயர் வேலுச்சாமி, என் அப்பா. ஜோதியின் குடும்பப் பெயர் அவளுடைய அப்பா. யாழினியின் குடும்பப் பெயர் செந்தில், அதாவது நான். குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மையார் மூன்று கடவுச்சீட்டின் நகல்களையும் வரிசையாக வைத்து, ஒரே வீடு, மூன்று குடும்பமா என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார். எங்கள் ஊரில் பெயர்கள் எப்படி இறங்கி வருகின்றன என்று என் அரைகுறை மலாயில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். திருமணச் சான்றிதழுக்கு ஒரு முத்திரை குறைந்தது, புகைப்படத்தின் பின்புலம் நீலமாக இல்லை. பிரிக்பீல்ட்ஸில் படம் பிடிக்கும் கடைக்காரர் ஒருவர், என் நிலைமையைக் கேட்டுவிட்டு, "பிள்ள படத்த மெயில்ல அனுப்பச் சொல்லுங்கண்ணே, பின்னால நான் நீலம் போட்டுக் குடுக்கறேன்" என்று உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார்.

விமான நிலையத்தில் யாழினி ஜோதியின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இவர் யார் என்று ஜோதி கேட்டதற்கு எட்டிப் பார்த்து, "போன் அப்பா" என்றாள். சில நாள் அந்தப் பெயரிலேயே இருந்தேன். ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சும்மா 'அப்பா' என்றாள். போன் எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை.

இப்போது அவள் வேறு ஒரு கரைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறாள். இட்லியைப் பார்த்து 'தா நாக்' என்கிறாள், வேண்டாமாம். யாரைப் பார்த்தாலும் அங்கிள், ஆன்டி. ஜோதி கவலைப்படுகிறாள், எனக்கும் கவலை உண்டு. ஆனால் 'நாக்' என்றால் வேணும், 'தா நாக்' என்றால் வேண்டாம். இரண்டையும் அவள் நேராகச் சொல்கிறாள். இட்லியை மெல்ல மெல்லப் பழக்கிவிடலாம்.

7

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் திரையில் கூப்பிட்டோம். மண்டியில் இருந்தார், பின்னால் லாரி நின்றது. அப்பாவோடு எங்கள் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் ஓடும். சாப்பிட்டாயா, மழையா, வெயிலா. உங்களுக்கு ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா என்று நான் கேட்பேன். எனக்கென்னப்பா வேணும், நீங்க நல்லா இருங்க என்பார். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

லோரி ஓட்டப் போகும் செய்தியை யாழினி சொன்னாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "தாத்தா நாக் அப்பா?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னமோ கேக்குது பாப்பா."

"உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறாப்பா."

வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் திரும்பிப் பின்னால் நின்ற லாரியைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"நீ வேலை பாக்குற பொட்டிய ஒருதடவ பாக்கணும்ப்பா" என்றார். "வெங்காயத்த ஏத்தி அனுப்புறோம். அந்த வளைவு வரைக்கும் லாரி தெரியும். அதுக்கப்புறம் எங்க போயி எறங்குதுன்னு பாத்ததே இல்ல. நீ சொன்னியே, தோல் கெடந்துச்சுன்னு. அத பாக்கணும்."

ஜோதி என் தோளைப் பிடித்தாள். என் வாயில் ஷாமளா மிஸ்ஸின் கேள்விதான் வந்தது.

"எப்போப்பா?"

"நீ பாத்து செய்யி."

"அப்படிச் சொன்னா நடக்காதுப்பா. எப்போன்னு நீங்க சொல்லணும்."

அவர் சிரித்தார். மாட்டிக்கொண்ட சிரிப்பு. கொஞ்சம் யோசித்து, "சின்ன வெங்காயம் வண்டி வண்டியா ஏத்துற மாசமா பாரு" என்றார். "நான் ஏத்திவிட்டுட்டே கெளம்பி வரேன்."

கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். அதில் அவருடைய அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறும். இங்கே கவுண்டரில் நான்காவது பெயரையும் விளக்க வேண்டியிருக்கும், விளக்கிக்கொள்ளலாம். கிடங்குக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள், அதற்கு அனுமதி வேண்டும். அந்த மாதத்தில் வெங்காயம் இறக்கிவிட்டு வரும் ஒரு பெட்டியை, அப்பா வந்து பார்க்கும்வரை கழுவாமல் நிறுத்தி வைக்க வேண்டும். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நாளைக் காலை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக ஷாமளா மிஸ்ஸிடம் கேட்கப் போகிறேன்.